வரிக்கு முந்தைய சம்பளக் கணக்குகள்: நான் 800 டாலர் இழந்து கற்றுக்கொண்ட வழிமுறை

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் வாக்கில் ஓப்பன் என்ரோல்மென்ட் (அடுத்த ஆண்டுக்கான காப்பீடு, சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் காலம்) மின்னஞ்சல் வந்துவிடும். காப்பீட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து பணம் ஒதுக்கிவைக்கும் மருத்துவம், பிள்ளைப் பராமரிப்பு, போக்குவரத்து ஆகிய மூன்று கணக்குகளின் பக்கம் வரும். அதை "அப்புறம் பார்க்கலாம்" என்று நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் ஆண்டு சேர்ந்து, அந்த ஆண்டே பணத்தையும் இழந்தேன்.

முதலில் வரம்புகள். 2026 ஆம் ஆண்டுக்கு மருத்துவ எஃப்.எஸ்.ஏ.வுக்கு (மேலே சொன்ன மருத்துவக் கணக்கு) 3,400 டாலர், பிள்ளைப் பராமரிப்புக்கு, 2025 வரை 5,000 ஆக இருந்த வரம்பு, இப்போது குடும்பத்துக்கு 7,500, ரயில், பேருந்துக்கு மாதம் 340, பார்க்கிங்குக்குத் தனியே மாதம் 340. நிறுவனம் இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். 22 சதவீத வரி அடுக்கில், சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிக்கப்படும் உச்சவரம்புக்குள் சம்பளம் உள்ள ஒருவர் 3,000 டாலரை மருத்துவக் கணக்கில் ஒதுக்கினால், கூட்டாட்சி வருமான வரியும் 7.65 சதவீதச் சம்பள வரியும் சேர்த்து ஏறத்தாழ 890 டாலர் மிச்சமாகும்.

அடுத்தது தகுதி. எச்.எஸ்.ஏ.வில் (அதிக டிடக்டிபிள் உள்ள காப்பீட்டுடன் வரும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணம் போடுபவர் பொதுவான மருத்துவ எஃப்.எஸ்.ஏ.வில் சேரக்கூடாது, வாழ்க்கைத்துணையின் அலுவலகத்தில் அப்படியொரு கணக்கு இருந்தாலும் சிக்கல்தான். பல், கண் செலவுக்கு மட்டுமான வகை இருந்தால் அதில் சேரலாம். பிள்ளைப் பராமரிப்புக் கணக்குக்குக் குழந்தை 13 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் வேலை பார்க்கவோ, வேலை தேடவோ, முழுநேரமாகப் படிக்கவோ வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குத் தரும் விசா) வேலை அனுமதியின்றி வீட்டில் இருக்கும் துணை மேற்படிப்பும் படிக்கவில்லை என்றால், இந்தக் கணக்கை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி நான் இடறிய படி. மகளின் பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்புக்கு மாதம் 420 டாலர். பன்னிரண்டால் பெருக்கி, 5,000 டாலர் என்று கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்தேன். ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போவோம் என்பது அப்போது நினைவில் இல்லை. ஆண்டுக்குள் செலவாகாத பணம் கைவிட்டுப் போய்விடும். டிசம்பரில் 800 டாலர் எஞ்சி நிற்கவே, புத்திசாலித்தனமாக, 28 ஆம் தேதியே ஜனவரி, பிப்ரவரிக் கட்டணத்தைக் கட்டி, ரசீதைப் படமெடுத்து கிளைம் அனுப்பினேன். நிராகரிக்கப்பட்டது. இந்தக் கணக்குகளில் பணம் கட்டிய நாளுக்கு மதிப்பில்லை, சேவை நடந்த நாளே கணக்கு. ஜனவரியில் நடக்கப்போகும் பராமரிப்பு அடுத்த ஆண்டின் செலவு. மருத்துவக் கணக்கில் மீதியில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. பராமரிப்புக் கணக்கில் அந்த வசதி கிடையாது. பழைய ஆண்டின் மீதியைச் செலவழிக்கச் சில திட்டங்கள் மார்ச் 15 வரை தரும் சலுகைக் காலமும் எங்கள் திட்டத்தில் இல்லை. ஆகவே தொகையை எழுதும் முன் நாட்காட்டியை விரித்து, விடுமுறை மாதங்களை அடித்துவிட்டு, மிஞ்சும் மாதங்களை மட்டும் பெருக்குங்கள்.

ரசீதில் சிகிச்சை பெற்றவர் பெயர், மருத்துவமனையின் பெயர், சேவை நாள், என்ன சேவை, எவ்வளவு தொகை என்னும் ஐந்தும் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டுச் சீட்டு போதாது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் ஈ.ஓ.பி. அறிக்கையே (எந்தச் சேவைக்கு அவர்கள் எவ்வளவு கட்டினார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டுவது) சிறந்தது. கணக்குடன் தரப்படும் அட்டையை நான் பயன்படுத்துவதில்லை. தேய்த்து முடித்துப் பல வாரம் கழித்து ஆதாரம் கேட்பார்கள், அதற்குள் சீட்டு எங்கோ போயிருக்கும். சொந்த அட்டையில் கட்டி, அன்றிரவே கிளைம் போடுவதுதான் என் வழக்கம். பராமரிப்பாளரின் வரி எண்ணையும் சேரும்போதே வாங்கி வையுங்கள். ஆண்டு வரிக் கணக்கில் 2441 படிவம் அதைக் கேட்கும்.

போக்குவரத்துக் கணக்கு எளிது, தொகையைப் பெரும்பாலும் மாதந்தோறும் மாற்றலாம். பெட்ரோலுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் அது உதவாது.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சென்னையில் செய்துகொண்ட பல் சிகிச்சையை மருத்துவக் கணக்கில் கோரலாமா? கோரலாம், "சிகிச்சைக் கட்டணம்" என்று ஒற்றை வரியில் தராமல், மேற்சொன்ன ஐந்து விவரங்களுடன் ஆங்கிலத்தில் பில் கேட்டு வாங்குங்கள். வேலை போய்விட்டால்? பொதுவாக, கடைசி நாளுக்கு முன் நடந்த மருத்துவச் செலவை மட்டுமே கோர முடியும். ஆனால் மருத்துவக் கணக்கின் முழு ஆண்டுத் தொகையும் முதல் நாளிலிருந்தே கையில் இருப்பதால், பிப்ரவரியில் முழுவதையும் செலவழித்துவிட்டு மார்ச்சில் வெளியேறுபவரிடம் நிறுவனம் மீதியைத் திருப்பிக் கேட்க முடியாது. பராமரிப்புக் கணக்கில் அதுவரை பிடித்த தொகைதான் கிடைக்கும். போக்குவரத்துக் கணக்கில் எஞ்சியதைப் பணமாகத் தரமாட்டார்கள். வேலை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தால் அதை அந்த மாதமே நிறுத்திவிடுங்கள்.