பிளவுஸ் தைக்க உடலில் அளவெடுப்பது எப்படி?

அளவு பிளவுஸைக் கொடுத்தே தைத்து வாங்கிப் பழகியவர்களுக்கு, உடலில் நேராக அளவெடுப்பது என்றால் கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் அந்த அளவு பிளவுஸ் துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும், இல்லாவிட்டால் பக்கத் தையலை இரண்டு மூன்று முறை பிரித்துத் தைத்ததாக இருக்கும். அதில் உள்ள குறை அப்படியே புதுத் துணியிலும் வந்து உட்காரும். சொந்தமாகத் தைக்கத் தொடங்குகிறவர்கள் உடல் அளவெடுக்கப் பழகிவிடுவதே நல்லது.

டேப்பை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். இப்போது எடுப்பது உடலின் அளவு மட்டும். லூஸ் எவ்வளவு என்பதைத் துணி வெட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். மார்புச் சுற்று 36 இன்ச் என்றால், 2 இன்ச் லூஸ் சேர்த்து 38, துணியில் குறிப்பது அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 9½. 'கொஞ்சம் லூஸாகவே இருக்கட்டும்' என்று டேப்பைத் தளர்த்தி 38 எழுதிக்கொண்டீர்கள் என்றால், வெட்டும்போது அதன் மேல் இன்னொரு 2 இன்ச் ஏறி 40 ஆகிவிடும். பிளவுஸ் தொளதொளவென்று போவதற்குப் பெரும்பாலும் இந்த இரட்டை லூஸ்தான் காரணம்.

தயாராகும்போது

தையல் டேப் 60 இன்ச் நீளம் இருக்கும். பழைய துணி டேப் நாளாக ஆக இழுபட்டு நீண்டுவிடும், அதனால் ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர் இருந்தால் டேப் புரண்டுவிடாமல் கவனிக்க வேண்டும். கால் இன்ச் வரை துல்லியமாக எழுதினால் போதும்.

எந்த பிராவோடு அந்த பிளவுஸைப் போடப்போகிறீர்களோ, அதையே போட்டுக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய, உடலோடு ஒட்டிய டிஷர்ட் போதும். நேராகப் பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். வயிற்றை எக்க வேண்டாம், மூச்சைப் பிடிக்கவும் வேண்டாம். முதுகுப் பக்கம் பார்க்க யாராவது ஒருவர் கூட இருந்தால்தான் சரியாக வரும்.

சுற்றளவுகள்

முதலில் மேல்மார்பு. டேப்பை அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலாகச் சுற்றி எடுங்கள். அடுத்து மார்பின் நிறைவான இடத்தில் முழுச் சுற்று. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடக் கூட, முன்பக்க டாட்டும் (மார்பின் வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைக்கும் முக்கோண மடிப்பு) பெரிதாக வேண்டும். முழுச் சுற்று எடுக்கும்போது டேப் முதுகில் கீழே இறங்கிவிடும். கூட இருப்பவர் அதைத் தரைக்கு இணையாகப் பிடித்துத் தர வேண்டும். டேப் உடலில் அழுந்தவும் கூடாது, தொங்கவும் கூடாது. பிறகு மார்புக்குக் கீழே பட்டி உட்காரும் இடத்தில் ஒரு சுற்று, பிளவுஸ் முடியும் இடத்தில் ஒரு சுற்று.

தோளும் கைக்குழியும்

தோள் எங்கே முடிகிறது என்பதில்தான் புதிதாக அளவெடுப்பவர்கள் தடுமாறுவார்கள். கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். தோள் நுனியில் ஒரு சின்னக் குழி விழும். அங்கே சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கையை இறக்குங்கள். முதுகுப் பக்கமாக, ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளி வரை எடுப்பதுதான் ஷோல்டர் அளவு. சிலருக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கைக்குழிக்கு, அந்தப் புள்ளியில் தொடங்கி அக்குள் வழியாகச் சுற்றி அதே புள்ளிக்கு வாருங்கள். கை தொங்கியபடியே இருக்க வேண்டும். டேப்புக்குள் ஒரு விரல் நுழைந்தால் சரி. 'கை தூக்க வசதியாக இருக்கட்டும்' என்று இந்த அளவைக் கூட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நடப்பதோ நேர்மாறு. கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுவதும் சேர்ந்து மேலே ஏறும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது பட்டி மேலே ஏறுகிறதென்றால் முதலில் இந்த அளவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கை நீளம் தோள் புள்ளியிலிருந்து. கை முடியும் இடத்தில் சுற்றளவு, மேல்கையின் பருமனான இடத்தில் இன்னொன்று. முழங்கையைத் தாண்டும் கை என்றால் முழங்கையை லேசாக மடக்கி எடுங்கள்.

உயரம், டாட், கழுத்து

கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பின் மேலாகப் பிளவுஸ் முடியும் இடம் வரை முன் உயரம். பின் உயரத்தைத் தனியாக எடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. முன் உயரம் எடுக்கும் அதே ஓட்டத்தில், மார்பு முனை வரை எவ்வளவு என்று நின்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் டாட் பாயிண்ட். இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரமும் வேண்டும். இந்த இரண்டையும் எடுக்காமல் குத்துமதிப்பாக வைத்தால், மற்ற அளவெல்லாம் சரியாக இருந்தாலும் டாட் வேறெங்கோ போய் நிற்கும்.

கழுத்து இறக்கம் அவரவர் விருப்பம். கழுத்தோரத் தோளிலிருந்து நேர்க்கீழாக எடுங்கள். முன்னும் பின்னும் இரண்டுமே இறக்கமாக வைத்தால் தோள் நழுவும். ஒன்றைக் குறையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் கயிறு வையுங்கள்.

எல்லாவற்றையும் இரண்டு முறை எடுங்கள். கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. தாளில் தேதியும் போட்டு வையுங்கள், உடம்பு ஏறி இறங்கும்போது உதவும்.

கடைசியாக ஒரு சோதனை. உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு பிளவுஸை ஹூக் மாட்டி, மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். உடல் அளவோடு லூஸைக் கூட்டினால் வரும் எண்ணுக்கு அது பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு இன்ச் தள்ளி நின்றால் கத்தரியை எடுக்காதீர்கள், மார்புச் சுற்றை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.