சின்னப் பலகையில் குரல் கோடெக்: கணக்கைக் குறைத்த விதம்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் போன் சிக்னல் நிற்காது. மேல் டிவிஷனில் பேசுவதைக் குறைந்த பிட்டில் சுருக்கி ரேடியோவில் கீழே பெரட்டுக் களத்துக்கு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) அனுப்பலாம் என்று ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகையில் செல்ப் வகை கோடெக் (பேச்சைச் சுருக்கி, பிறகு விரிக்கும் நிரல்) எழுதினேன். செல்ப் என்பது ஒரு பட்டியலில் உள்ள ஒலி வடிவங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பேச்சுக்கு மிக நெருக்கமானதன் எண்ணை அனுப்பும் முறை; அந்தப் பட்டியல்தான் கோட்புக். "நாளைக்கு ஆறு மணிக்குப் பெரட்டு" என்று அக்கா பேசியதில் முதல் விநாடியைச் சுருக்கவே ஒரு மணிநேரத்துக்கு மேல் போனது. 1985இல் ஷ்ரோடரும் அடலும் இதை முதலில் செய்தபோது கிரே-1 சூப்பர் கணினிக்கே ஒரு விநாடிப் பேச்சுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. எல்பிசி (தொண்டை, வாயின் வடிவத்தைக் கணிக்கும் ஃபில்டர்), பிட்ச் (குரலின் சுருதி) எல்லாம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எத்தனை மைக்ரோசெகண்ட் என்று அச்சிடுங்கள். எனக்கு நேரம் முழுவதும் கோட்புக் தேடலில்தான் போனது.

2. டபுளை (64 பிட் தசம எண்) ஒழியுங்கள். இந்தச் சிப்பில் ஃப்ளோட்டுக்கு (32 பிட் தசம எண்) மட்டும்தான் கணக்குப் போடும் ஹார்ட்வேர் உண்டு. சி மொழியில் 0.5 என்று எழுதினாலே அது டபுள், 0.5f என்று பின்னால் எஃப் போட வேண்டும். இது மட்டுமே நேரத்தை ஏழெட்டு நிமிடமாக இறக்கியது.

3. இங்கேதான் நான் இரண்டு வாரம் நின்றேன். ஜி.729 என்ற தொலைபேசிக் குரல் கோடெக்கில் உள்ளதுபோல 5 மில்லிசெகண்டுக்கு 40 ஒலி மாதிரிகள்; அந்த 40 இடங்களில் நான்கில் மட்டும் துடிப்புகள், இதுதான் கோட்புக்கின் ஒரு சேர்க்கை. இடங்கள் மட்டும் 8×8×8×16, அதாவது 8,192 சேர்க்கைகள், கூட்டல் கழித்தல் குறிகளையும் சேர்த்தால் 131,072. ஒவ்வொன்றையும் ஃபில்டருக்குள் விட்டால் தலா 820 பெருக்கல். அப்படிச் செய்யாமல் இலக்கு சிக்னலை (நெருங்க வேண்டிய பேச்சுத் துண்டை) ஒரே ஒருமுறை பின்னோக்கி ஃபில்டர் செய்து 40 எண்களாக வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எந்தச் சேர்க்கைக்கும் நான்கு எண்களைக் குறியோடு கூட்டினால், அது இலக்கோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற ஒப்புமை வந்துவிடும். அந்தப் பின்னோக்கி ஃபில்டரில் உள் லூப் 0இல் தொடங்கக்கூடாது, வெளி லூப்பின் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். நான் 0இல் தொடங்கியதால் அர்ரேக்கு முன்னால் கிடந்த குப்பை கணக்கில் சேர்ந்து, அக்காவின் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் வந்தது. சேர்க்கையின் சக்திக்கும் (எனர்ஜி) இதே மாதிரி 40×40 அட்டவணை ஒன்றை முன்கூட்டியே போட்டு வையுங்கள், பத்து எண்களை எடுத்தால் போதும்.

4. அந்த 40 எண்களின் குறியையே துடிப்பின் குறியாக வைத்துவிட்டால் 131,072 மறுபடி 8,192 ஆகிவிடும். அதிலும் எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை, ஜி.729இன் எளிய வடிவமான ஜி.729ஏ இரண்டிரண்டு துடிப்பாகத் தேடி 320 சேர்க்கைகளோடு நிறுத்திக்கொள்கிறது. தரம் கொஞ்சம் இறங்கும், ஆனால் பேசுவது தெளிவாகவே புரியும்.

மேட்லேப் என்ற கணக்கு மென்பொருள் வேண்டாம். லேப்டாப்பில் சி மொழியிலேயே எழுதி, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் கேட்டுச் சரிபார்த்த பிறகு பலகையில் ஏற்றுங்கள், பிழை எந்தப் பக்கம் என்று உடனே தெரியும்.

பின்னால் சேர்த்தது: பண்டாரவளைத் தம்பி ஒருவர் மூன்றாவது படியில் பலகை ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டிருந்தார். அந்த 40×40 அட்டவணை 6,400 பைட், தம்பி. ஃபங்ஷனுக்குள் அறிவித்தால் ஸ்டேக் (ஃபங்ஷனின் தற்காலிக நினைவகம்) தாங்காது, முன்னால் ஸ்டேட்டிக் என்று போட்டுவிடுங்கள்.