வெறும் குச்சியில் பூ: குளிர்காலக் கடைசியில் கிளைகளை வீட்டுக்குள் மலர வைப்பது எப்படி?

வசந்தத்தில் பூக்கும் புதர்ச்செடிகள் தங்கள் பூமொட்டை முந்தைய ஆண்டின் கோடையிலேயே கட்டி முடித்துவிடுகின்றன. குளிர்காலம் முழுக்க அது செதிலுக்குள் உறங்கும். போதுமான குளிரைப் பார்த்த பிறகு கிளையை வெட்டி, வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால் வசந்தம் வந்துவிட்டதாக எண்ணி விழித்துக்கொள்ளும். "சூடு கொடுத்தால் பூக்கும்" என்று பலர் நினைப்பதுதான் சிக்கல். மொட்டுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். கிளை உறிஞ்சுவதைவிட வேகமாக அறைக்காற்று ஈரத்தைப் பறித்துக்கொண்டால், பூக்க வேண்டிய மொட்டு காய்ந்து உதிரும்.

எந்தச் செடி, எப்போது?

முதல்முறை செய்பவர்கள் மஞ்சளாகப் பூக்கும் ஃபோர்சித்தியா புதரில் தொடங்குங்கள். ஏறக்குறைய எதைச் செய்தாலும் பூத்துவிடும். 1 முதல் 3 வாரம் போதும். வெள்ளிப் பஞ்சு போலப் பூக்கும் புஸ்ஸி வில்லோவும் அப்படித்தான். செர்ரிக்கு 2 முதல் 4 வாரம், குவின்ஸுக்கு ஏறக்குறைய 4 வாரம், மக்னோலியாவுக்கு 3 முதல் 5 வாரம். லைலாக்குக்கு 4, 5 வாரம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

ஹைட்ராஞ்சியா பானிக்குலேட்டா, பட்லியா போல கோடையில் பூப்பவற்றை வெட்டிப் பயனில்லை. அவை அந்த ஆண்டு விடும் புதுத் தளிரில்தான் மொட்டு கட்டும்; குளிர்காலக் குச்சியில் பூ என்று ஒன்றே இருக்காது.

5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 6 முதல் 8 வாரமாவது செடி இருந்திருக்க வேண்டும். வடகோளத்தின் குளிர் நாடுகளில் ஜனவரிக் கடைசியில் இந்தக் கணக்கு முடிந்துவிடும். அதற்கு முன்பே அவசரப்பட்டு வெட்டினால் மொட்டு வீங்கக்கூடச் செய்யாது. செடி இயல்பாகப் பூக்கும் காலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வெட்டுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் பூக்கும்.

மொட்டைப் பார்த்து வெட்டுங்கள்

இலைமொட்டு ஒல்லியாக, கூர்மையாக இருக்கும். பூமொட்டு உருண்டு பருத்திருக்கும். ஆப்பிள், செர்ரி வகைகளில் பூமொட்டு குட்டையான, கணு நெருங்கிய பக்கக்குச்சிகளில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். நேராக உயர்ந்து போகும் வழவழப்பான புதுக்கிளைகளில் பெரும்பாலும் இலைதான். சந்தேகமாக இருந்தால் ஒரு மொட்டைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மடிந்த பச்சை இலைகள் மட்டும் தெரிந்தால் இலைமொட்டு. நடுவில் இதழும் மகரந்தத் தாள்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் பூமொட்டு. உள்ளே பழுப்பாகக் கருகியிருந்தால் கடும்பனி அதை ஏற்கெனவே கொன்றுவிட்டது. அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.

வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும் நாளில் வெட்டுவது நல்லது. 30 முதல் 90 சென்டிமீட்டர் நீளம் போதும். பக்கக்கிளை பிரியும் இடத்திலோ, ஒரு மொட்டுக்குச் சற்று மேலேயோ சாய்வாக வெட்டுங்கள். எப்படியும் கவாத்து செய்ய வேண்டிய, நெருக்கமாக வளர்ந்த கிளைகளை எடுத்தால் செடிக்கும் நல்லது. ஒரே பக்கம் மொட்டையடித்துவிட்டால் அடுத்த ஆண்டு முழுக்கக் கோணலாக நிற்கும்.

கருவியில் ஒரு பிடிவாதம்: இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து வெட்டும் பைபாஸ் வகைக் கவாத்துக் கத்தரிதான் வேண்டும். ஒரு கத்தி தட்டையான கட்டையில் போய் அழுத்தும் ஆன்வில் வகை காய்ந்த குச்சிக்குச் சரி. உயிருள்ள கிளையை அது நசுக்கிவிடும். அலகை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தண்ணீர் ஏற்றுவது: பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம்

தோட்டத்தில் வெட்டி உள்ளே கொண்டுவருவதற்குள் வெட்டுவாய் வழியே கிளையின் நீர்க்குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும். ஒரு குழாயில் குமிழி அடைத்தால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறாது. அதனால் ஜாடியில் வைக்கும் முன் அடிப்பகுதியை வாளித் தண்ணீருக்குள் முக்கியபடியே இன்னொரு 3 சென்டிமீட்டர் வெட்டுங்கள். வெட்டு தண்ணீருக்குள்ளேயே விழ வேண்டும் என்பதுதான் முக்கியம். வெளியே வெட்டிவிட்டு உள்ளே முக்குவது அதே வேலை ஆகாது.

பென்சிலைவிடப் பருமனான கிளை என்றால் அடியில் 2, 3 சென்டிமீட்டருக்கு நெடுக்காக ஒரு கீறல், அதற்குக் குறுக்காக இன்னொன்று. உறிஞ்சும் பரப்பு கூடும். சுத்தியலால் அடியை நசுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. நசுங்கினால் குழாய்களும் நசுங்கும். கசியும் சாறு பாக்டீரியாவுக்குத் தீனியாகி, சில நாளில் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும்.

அடுத்து 40 டிகிரி அளவிலான தண்ணீரில் அடிப்பகுதியை 20 முதல் 30 நிமிடம் நிறுத்துங்கள். கை வைத்தால் சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது. வெட்டும்போது வெளியே உறைபனி இருந்தால் முழுக் கிளையையும் குளியல் தொட்டியில் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு கிடத்துங்கள். மொட்டுச் செதில்கள் இளகிவிடும். உறைந்த கிளையை நேராகச் சூடான அறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் மொட்டு பூப்பதற்கு முன்பே சுருங்கும்.

காத்திருக்கும் நாட்கள்

தண்ணீருக்குள் மூழ்கும் மொட்டுகளையும் சிறு குச்சிகளையும் உருவிவிட்டு, கிளைகளை வாளியில் வையுங்கள். அழகான ஜாடி பூத்த பிறகு போதும். இடம் 15 முதல் 18 டிகிரி. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு "வேகமாகப் பூக்கும்" என்று காத்திருந்தால் காய்ந்த மொட்டுதான் கிடைக்கும்.

தினமும் இரண்டு, மூன்று முறை கிளைகள்மேல் தண்ணீர் தெளியுங்கள். முடியாதவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, நாளுக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விடலாம். இல்லாவிட்டால் சாம்பல் நிறப் பூஞ்சை வரும்.

தண்ணீரை 2, 3 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கலங்கியிருந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றி, அடியை மறுபடி வெட்டுங்கள். லிட்டருக்கு சில சொட்டு பிளீச் சேர்க்கலாம். சிலர் எலுமிச்சைச் சாறும் ஊற்றுகிறார்கள்; பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டில் ஒன்று மட்டும் போதும். பழக்கூடைக்குப் பக்கத்தில் வாளி வேண்டாம். பழுக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும் வெளிவிடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும்.

இதழ் நிறம் செதிலுக்கு வெளியே எட்டிப் பார்த்ததும் ஜாடிக்கு மாற்றி வெளிச்சமான அறைக்குக் கொண்டுபோங்கள். இரவில் குளிர்ந்த இடத்துக்கு நகர்த்தினால் பூ கூடுதல் நாள் நிற்கும்.

பின்சேர்க்கை

குவின்ஸ் சிவப்பாகப் பூக்கும் என்று காத்திருந்து வெளிறிய இளஞ்சிவப்பைப் பார்த்தவர்கள் செடி மாறிவிட்டதோ என்று கேட்கிறார்கள். மாறவில்லை, வெளிச்சம் போதவில்லை. மொட்டு வீங்கத் தொடங்கியதுமே ஜன்னல் பக்கம் நகர்த்தினால் நிறம் ஓரளவு கூடும். ஆனால் வெளியே பூப்பதன் அடர்த்தி வராது.

இலை மட்டும் விட்டுப் பூக்காமல் போனால், பெரும்பாலும் இலைமொட்டுக் கிளையை வெட்டியிருப்பீர்கள். பாதி பூத்து மீதி உதிர்ந்தால் காற்று வறட்சி.

புஸ்ஸி வில்லோ மட்டும் தனிக் கணக்கு. வெள்ளிப் பஞ்சு முழுதாக வந்ததும் தண்ணீரை விட்டு எடுத்து, உலர்ந்த ஜாடியில் வையுங்கள். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். தண்ணீரிலேயே விட்டால் பஞ்சில் மஞ்சள் மகரந்தம் வந்து மேசையெல்லாம் கொட்டும். அடியில் வேரும் விடும். அந்த வேர்விட்ட குச்சியைத் தரை இளகியதும் நட்டுவிடலாம். ஆனால் குழாய்களுக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் பக்கத்தில் வேண்டாம், வில்லோ வேர் தண்ணீரைத் தேடிப் போகும்.

எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டாமல் வாரத்துக்கு மூன்று, நான்கு என்று வெட்டினால், வெளியே செடி பூக்கும்வரை ஜாடி காலியாக இருக்காது. கடைசியாக வெட்டியவை சில நாளிலேயே பூத்துவிடும் என்பதால் அவற்றுக்கு வாளிக் காத்திருப்பும் குறைவு.