டச்சுச் சட்டமா, நம் சட்டமா? மாம்பழக்கூழ் ஏற்றுமதியில் என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் எங்கள் ஆலையிலிருந்து பெங்களூரா ரக மாம்பழக்கூழ் நெதர்லாந்துக்குப் போனது. டிரம்களைப் பல மாதம் குடோனில் வைத்திருந்துவிட்டு, நிறம் சரியில்லை, டச்சுச் சட்டப்படி விலையைக் குறையுங்கள் என்று வாங்கியவர் கடிதம் அனுப்பினார். பர்ச்சேஸ் ஆர்டரில் எந்த நாட்டுச் சட்டம் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

வக்கீல் அக்கா முதலில் கேட்டது, "வழக்கு அவங்க ஊர்ல நடந்தா என்ன ஆகும்?" என்பதுதான். அங்கே, ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று தீர்மானிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் 1 விதி பொருந்தும். ஒப்பந்தத்தில் சட்டம் குறிப்பிடாவிட்டால், சரக்கு விற்பனைக்குப் பொதுவாக விற்பவர் இருக்கும் நாட்டின் சட்டமே செல்லும். அதாவது நம் சட்டம்! நாடுகளுக்கிடையேயான சரக்கு விற்பனைக்குப் பொது விதிகள் தரும் 1980 வியன்னா விற்பனை உடன்படிக்கையில் நெதர்லாந்து இருக்கிறது, இந்தியா சேரவில்லை; நம் சட்டம் என்று ஆனபின் அதுவும் குறுக்கே வராது. இந்திய நீதிமன்றமாக இருந்தால், ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டோடு நெருங்கிய தொடர்பு என்று பார்ப்பார்கள். சரக்கு இங்கே தயாரானது, சென்னைத் துறைமுகத்தில் ஒப்படைத்தது எல்லாம் நமக்குச் சாதகம்.

அப்புறம் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றதாகவே பொருள். இதையெல்லாம் கோத்துப் பதில் போட்டோம். விலையைக் குறைக்கும் பேரம் நின்றது, பாக்கி வந்தது.

இப்போது ஒப்பந்தத்தில் இரண்டு வரி தனித்தனியாக எழுதுகிறோம்: இந்தியச் சட்டம் பொருந்தும், தகராறு வந்தால் நடுவர் விசாரணை சென்னையில். முதல் வரி மட்டும் இருந்தால் விசாரணை எங்கே என்பது தீராது.