கச்சா எண்ணெய் இறங்கியது, பெட்ரோல் ஏன் இறங்கவில்லை? ஒரு நோட்டு வைத்து நாமே கணக்குப் பார்க்கலாம்

2023 மார்ச்சில் ஒரு நாள் காலை ஆறரை மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பங்க். எனக்கு முன்னால் காசிமேட்டிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர், டிவிஎஸ் எக்ஸெலின் பின்னால் பெட்டி கட்டியிருந்தார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நூறு ரூபாய்க்குப் போடச் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தார். ஒரு லிட்டர் முழுசாக வரவில்லை, 0.97-ல் நின்றுவிட்டது.

“இன்னாண்ணே, கச்சா எண்ணெய் எறங்கிடுச்சுன்னு டிவில சொல்றாங்க. இங்க அதே ரேட்டுதானே நிக்குது?”

பெட்ரோல் போடுகிறவர், “எங்களுக்கு இன்னாபா தெரியும். மெஷின்ல வர்றதுதான் ரேட்டு” என்றார்.

எதிரில் டீக்கடை. அங்கே அந்த மீன்காரருடன் உட்கார்ந்து ஒரு பில்லின் பின்பக்கத்தில் போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். இதைக் கற்றுக்கொண்டால் “விலையைக் குறைக்கணும்” என்று பொதுவாகச் சொல்லாமல், இத்தனை ரூபாய் குறைந்திருக்கணும் என்று எண்ணிக்கையோடு கேட்கலாம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

முதல் படி: மூன்று எண்களை எடுங்கள்

ஒன்று, கச்சா எண்ணெய் விலை. டிவியில் ஓடும் பிரெண்ட் (வட கடல் எண்ணெய்) விலையை எடுக்காதீர்கள். இந்தியா வாங்கும் எண்ணெய்க் கலவைக்கென்று தனி விலை இருக்கிறது. ஓமன், துபாய் வகை எண்ணெயையும் பிரெண்ட் வகையையும் சேர்த்துக் கணக்கிடுவது அது. பிபிஏசி என்ற மத்திய அரசின் பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவின் இணையதளத்தில் மாதச் சராசரியாகவே கிடைக்கும். இரண்டு, அந்த மாதத்தின் டாலர் மதிப்பு. மூன்று, சென்னை பங்க் விலை. உங்கள் பழைய பில்லே போதும்.

மாதச் சராசரியை எடுப்பது முக்கியம். ஒரு நாள் விலை இங்கும் அங்கும் ஆடும், அதை வைத்துச் சண்டை போட முடியாது.

இரண்டாம் படி: பீப்பாய் டாலரை லிட்டர் ரூபாயாக மாற்றுங்கள்

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கச்சா விலையை டாலர் மதிப்பால் பெருக்கி 159-ஆல் வகுத்தால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெயின் விலை ரூபாயில் வந்துவிடும்.

2022 ஜூனில் இந்தியக் கலவையின் சராசரி 116 டாலர். டாலர் 78 ரூபாய். 116 × 78 ÷ 159 = 56.90 ரூபாய்.

2023 மார்ச்சில் சராசரி 78.54 டாலர். டாலர் 82.30 ரூபாய். இதே கணக்கைப் போட்டால் 40.65 ரூபாய்.

ஒன்பது மாதத்தில் லிட்டருக்கு 16 ரூபாய் இறங்கியிருக்கிறது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். டாலர் 78 ரூபாயிலேயே நின்றிருந்தால் 2023 மார்ச் விலை 38.50 ஆகியிருக்கும். ரூபாய் சரிந்ததில் மட்டும் இரண்டு ரூபாய்க்கு மேல் போய்விட்டது. கச்சா இறங்கியும் நம் கைக்கு முழுசாக வராததற்கு இது ஒரு சின்னக் காரணம். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: பங்க் விலையைப் பிரித்துப் போடுங்கள்

இதுதான் கணக்கின் நடு முதுகு, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2022 மே 22 முதல் 2024 மார்ச் 14 வரை சென்னையில் பெட்ரோல் 102.63 ரூபாய். ஏறத்தாழ 22 மாதம் ஒரு பைசா அசையவில்லை. அதில் மத்திய அரசின் கலால் வரி 19.90 ரூபாய். தமிழக அரசின் வாட் வரி இரண்டு துண்டாக வரும். 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகு அது 13 சதவீதமும், கூடவே லிட்டருக்கு 11.52 ரூபாயும். இரண்டும் சேர்ந்து சுமார் 22 ரூபாய். பங்க் நடத்துபவரின் கமிஷன் மூன்றரை முதல் நான்கு ரூபாய். எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 57 ரூபாய்.

கச்சா எண்ணெய், கப்பல் கூலி, மணலி ஆலையில் சுத்திகரிக்கும் செலவு, லாரி வாடகை, எண்ணெய் நிறுவனத்தின் லாபம், எல்லாமே இந்த 57-க்குள்தான் அடங்க வேண்டும். கலால் வரியும் 11.52-ம் கச்சா விலை என்ன ஆனாலும் அசையாது, கமிஷனும் பெரிதாக மாறாது. அதனால் கச்சா பாதியாகக் குறைந்தால் பெட்ரோலும் பாதியாகும் என்று எதிர்பார்க்கவே கூடாது. 40 ரூபாய்க் கச்சா 20 ஆனால், சதவீத வரியும் சேர்ந்து குறைந்து, பங்கில் சுமார் 22, 23 ரூபாய்தான் இறங்கும். நூறு ரூபாயில் அது கால் பங்குகூட இல்லை. “பாதியாகணும்” என்று பேசுகிறவர்களை எளிதாக மடக்கிவிடுவார்கள். அந்த வாய்ப்பை நாம் கொடுக்க வேண்டாம்.

நான்காம் படி: இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

மிஞ்சிய தொகை 57. 2022 ஜூனில் கச்சா மட்டுமே 57. ஆக, சுத்திகரிக்கவோ லாரிக்கோ ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று அரசு நிறுவனங்களும் சேர்ந்து அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையில் 18,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டின. அந்த நஷ்டம் உண்மை. ஏறும்போது நம்மை ஓரளவு தாங்கினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

2023 மார்ச்சில் கச்சா 41 பக்கம் வந்துவிட்டது. அதே 57-ல் இப்போது 16 ரூபாய் இடைவெளி. பங்க் போர்டிலோ அதே 102.63. பழைய நஷ்டத்தை ஈடுகட்டுகிறோம் என்றார்கள். சரி, எத்தனை மாதம்? 2023-24 நிதியாண்டில் அந்த மூன்று நிறுவனங்களின் லாபம் சேர்ந்து சுமார் 81,000 கோடி. 2024 மார்ச் 15 அன்று விலை குறைந்து சென்னையில் 100.75 ஆனது. ஒரு லிட்டருக்கு 1 ரூபாய் 88 காசு. அதற்குள் கச்சாவும் மறுபடி 84 டாலர் பக்கம் ஏறியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த 16 ரூபாய் மொத்தமும் லாபம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு லிட்டர் கச்சாவிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் வருவதில்லை. டீசல், மண்ணெண்ணெய், கேஸ், தார் எல்லாம் அதிலிருந்தேதான் பிரிகிறது. அதோடு, நிறுவனங்கள் அடிப்படையாக எடுப்பது கச்சா விலையை அல்ல, உலகச் சந்தையில் பெட்ரோல் விற்கும் விலையை. இது இரண்டும் ஒரே வேகத்தில் நகராது. ஆலைகள் போதாமல் பெட்ரோலுக்கே தட்டுப்பாடு வந்தால் கச்சா இறங்கினாலும் பெட்ரோல் இறங்காது. நம் கணக்கு திசையைக் காட்டும், பைசா சுத்தமாக இருக்காது.

ஐந்தாம் படி: “பழைய ஸ்டாக்” என்ற பதிலைச் சோதியுங்கள்

ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கேட்டால், தொட்டியில் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய ஸ்டாக் என்று ஒரு பதில் வரும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து மணலி ஆலையில் எரியும் தீ தெரியும். சின்ன வயதில் அதை விளக்கு என்றே நினைத்திருந்தேன். 1965-ல் தொடங்கப்பட்டு 1969-ல் உற்பத்திக்கு வந்த ஆலை அது. சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்) என்று இன்று சொல்கிறோம். ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சாவைச் சுத்திகரிக்கும் திறன் உண்டு. வளைகுடாவில் ஏற்றிய கச்சா, கப்பலில் பல நாள் பயணம் செய்து சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் இறங்கி, குழாய் வழியாக மணலிக்கு வருகிறது. அங்கே தொட்டியில் நின்று, சுத்திகரிக்கப்பட்டு, மறுபடி தொட்டியில் நின்று, டேங்கர் லாரியில் ஏறுகிறது.

லாரி பங்குக்கு வந்ததும் நடப்பதை ஒரு தடவை நின்று பாருங்கள். நீளமான டிப் ராடைத் தொட்டிக்குள் இறக்கி, எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள். ராடின் நுனியில் ஒரு பேஸ்ட் தடவியிருப்பார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் அது நிறம் மாறிக் காட்டும். பிறகு கண்ணாடி ஜாடியில் பெட்ரோலை எடுத்து அடர்த்தி பார்ப்பார்கள். ஒரு லோடு 12,000 லிட்டர் என்று வையுங்கள். பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை லிட்டருக்கு 2 ரூபாய் இறங்கினால் பங்க்காரருக்கு 24,000 ரூபாய் கை நஷ்டம். 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் வரி திடீரென்று குறைந்தபோது பங்க் நடத்துபவர்கள் பட்ட கஷ்டம் இதுதான். அவர்களோடு நாம் சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

ஆக, பழைய ஸ்டாக் என்பது பொய் இல்லை. ஆனால் அது விளக்குவது சில வாரத் தாமதத்தை மட்டும்தான், 22 மாதத்தை அல்ல. இன்னொன்றும் கேட்க வேண்டும். 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை பதினாறே நாளில் 14 தடவை விலை ஏறியது. சென்னையில் 101.40-லிருந்து 110.85. அப்போது தொட்டிகளில் இருந்ததும் பழைய ஸ்டாக்தானே? ஏறும்போது செல்லாத காரணம் இறங்கும்போது மட்டும் எப்படிச் செல்லும்?

ஆறாம் படி: வரி நடுவில் மாறியதா என்று பாருங்கள்

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். 2020 ஜனவரியில் இந்தியக் கலவை சராசரி 64 டாலர், சென்னையில் பெட்ரோல் 78 ரூபாய் பக்கம். ஊரடங்கில் கிடந்த ஏப்ரலில் கச்சா 20 டாலர். லிட்டருக்கு 29 ரூபாயிலிருந்து 9.50-க்கு வந்துவிட்டது. பங்க் விலை 72.28-ல் நின்றது. மத்திய அரசு மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதம் 10 ரூபாயும் கலால் வரியைக் கூட்டியது, மாநில அரசு மே மாதம் வாட்டைக் கூட்டியதில் 3.25 ரூபாய். டிசம்பரில் கச்சா 50 டாலர் ஆனபோது சென்னை விலை 86 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஜனவரியைவிடக் கச்சா 14 டாலர் கம்மி, பெட்ரோல் 8 ரூபாய் அதிகம்.

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2014 ஜூனில் 109 டாலராக இருந்த கச்சா 2016 ஜனவரியில் 28-க்கு வந்தது. அந்த இடைவெளியில் பெட்ரோல் மீதான கலால் வரி ஒன்பது தடவை உயர்ந்து, மொத்தம் 11.77 ரூபாய் கூடியது. விலை இறங்கும்போது வரியை ஏற்றினால் யாருக்கும் உடனே வலிக்காது, போர்டில் எண் மாறாது. அதனால்தான் அப்போது ஏற்றுகிறார்கள் என்பது என் கருத்து.

ஏழாம் படி: வெளியூரிலும் இப்படித்தானா?

ஆமாம், ஆனால் காரணம் வேறு. பிரிட்டன் பெட்ரோல் விலையை ஆராய்ந்த ராபர்ட் பேக்கன் 1991-லேயே இதற்கு ‘ராக்கெட்டும் இறகும்’ என்று பெயர் வைத்தார். ராக்கெட் மாதிரி ஏறி, இறகு மாதிரி இறங்குகிறது. அமெரிக்காவில் பங்குக்குப் பங்கு விலை வேறு. விலை ஏறினால் மக்கள் கோபத்தில் நாலு பங்க் சுற்றி மலிவான இடம் தேடுகிறார்கள். கொஞ்சம் இறங்கினால் நிம்மதியாகி, தேடுவதை விட்டுவிடுகிறார்கள். போட்டி குறைய, விற்பவர் மெதுவாக இறக்குகிறார். இது பொருளியல் அறிஞர்கள் சொல்லும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று.

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை பங்க் பங்காகப் போய்ப் பாருங்கள். அரசு நிறுவனங்களின் பங்குகளில் வித்தியாசம் சில பைசாதான். தேடி என்ன பயன்? பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலேயே நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறலாம் என்றும் ஆனது. மாறலாம் என்பது வேறு, மாற்றுவது வேறு.

எட்டாம் படி: நோட்டில் மாதம் ஒரு வரி

ஒரு சூத்திரம் மனப்பாடமாக இருக்கட்டும். டாலர் 85 ரூபாயாக இருக்கும்போது கச்சா 10 டாலர் இறங்கினால் லிட்டருக்கு 5.35 ரூபாய். 13 சதவீத வாட்டும் சேர்ந்து குறைய, பங்கில் 6 ரூபாய் இறங்க வேண்டும். அந்த மீன்காரருக்கு நான் எழுதிக் கொடுத்தது பழைய டாலர் மதிப்பில். அப்போதும் கிட்டத்தட்ட அதே 6 ரூபாய்தான் வந்தது. தினமும் ஒரு லிட்டர் என்றால் மாதம் 180 ரூபாய். “ரெண்டு நாளு ஐஸ் காசுண்ணே அது” என்றார்.

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: மாதம், கச்சா, டாலர், சென்னை விலை, வரி மாற்றம். ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதச் சராசரி வந்ததும் நிரப்புங்கள். கச்சா இறங்கிய முதல் மாதத்தை விட்டுவிடுங்கள், அது கப்பலுக்கும் தொட்டிக்கும் உரிய அவகாசம். மூன்றாவது மாதமும் நாலாவது கட்டம் அசையாமல், ஐந்தாவது கட்டமும் காலியாக இருந்தால், அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, எத்தனை ரூபாய் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.