பஸ்ஸர் கேட்காத தறிக்கூடம்: மாணவர் ஸ்டார்ட்அப்புக்கு மென்டராகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடம். மூன்றாம் வருட இன்ஜினியரிங் மாணவர்கள் மூன்று பேர் ஒரு சின்னப் பெட்டியோடு நிற்கிறார்கள். பாவு இழை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்தால் சென்சார் கண்டுபிடித்து பஸ்ஸர் அடிக்க வேண்டும், அதுதான் பெட்டி. லேபில் அருமையாக வேலை செய்தது, இரண்டு ஹேக்கத்தானில் பரிசும் வாங்கியது. தறிக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொன்னார், எங்கள் நாலு பேர் காதிலும் விழவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்து திரும்பச் சொன்னார்: "இந்தச் சத்தத்துல உங்க பஸ்ஸர் யாருக்கு கண்ணு கேக்கும்?"

அந்தப் பசங்களுக்கு நான்தான் மென்டர், அதாவது வழிகாட்டி. அதற்கு முன் நாலு மாதம் அவர்களை ஏசி அறையில் உட்காரவைத்து, விலை எப்படி நிர்ணயிப்பது, முதலீட்டாளருக்குக் காட்டுகிற பிட்ச் டெக்கில் எத்தனை ஸ்லைடு, அவர் என்ன கேட்பார் என்று விடாமல் பேசியிருந்தேன். தறி ஓடுகிற இடத்தில் பஸ்ஸர் கேட்காது என்பது எனக்கும் தோன்றவில்லை. முதல் வாரமே ஒரு டவுன் பஸ் ஏறிப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

இதுதான் மென்டர்கள் செய்கிற முதல் தவறு, மீதி எல்லாம் பெரும்பாலும் இதன் குட்டிகள்: பையனை வாடிக்கையாளரிடம் அனுப்ப வேண்டிய நேரத்தில் நாம் பேசிக்கொண்டிருப்பது. நமக்கு அனுபவம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது, வாய் சும்மா இருக்குமா? மாணவர்களும் பாவம், பதினைந்து வருடமாக வகுப்பில் உட்கார்ந்து பழகியவர்கள், நாம் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு "சரி சார்" என்று போய்விடுவார்கள். இப்போதெல்லாம் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் யாரைப் பார்த்தீர்கள், அவர் என்ன சொன்னார், அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள், அது இல்லாமல் சந்திப்பு கிடையாது. "எல்லாருக்கும் பிடிச்சிருக்கு சார்" என்று வந்தால் அது பதில் இல்லை. ஒருவர் அட்வான்ஸாக ஐநூறு ரூபாய் கொடுத்தாரா, சொந்தத் தறியில் ஒரு வாரம் மாட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டாரா, அது பதில்.

இதன் இன்னொரு முகம் ஹேக்கத்தான்களில் தெரியும். காலையில் ஒரு மென்டர் வந்து "இதை ஆப்பா பண்ணு" என்பார், மதியம் வருகிறவர் "ஆப் யாரும் போடமாட்டாங்க, வாட்ஸ்அப்ல பண்ணு" என்பார், சாயங்காலம் ஒருவர் வந்து "இந்த ஐடியாவே வேலைக்காகாது" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். மூவரும் நல்லவர்கள்தான், அவரவர் துறையில் விஷயம் தெரிந்தவர்களும்கூட. ஆனால் ராத்திரி விழித்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றுவது அந்தப் பிள்ளைகள். ஒரு குழுவுக்கு ஒருவர், அவர் குறைந்தது ஆறு மாதம், மற்றவர்கள் கேட்டால் மட்டும் பேசுவது என்று வைத்தால் போதும்.

அடுத்து, கம்பெனி பதிவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மாணவர்களின் காசும் பெயரும் சேர்ந்து மாட்டிக்கொள்கின்றன.

மத்திய கல்வி அமைச்சகம் 2018-ல் மாணவர்களின் புது யோசனைகளை ஊக்குவிக்கக் கல்லூரிகளில் இன்னோவேஷன் கவுன்சில்களைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கவுன்சில்களுக்கு நட்சத்திர மதிப்பீடு என்று ஒன்று வந்ததும், "நம்ம காலேஜ்ல எத்தனை ஸ்டார்ட்அப்?" என்ற கேள்வி முதல்வர் அறையிலிருந்து துறைத்தலைவருக்கும், அங்கிருந்து பையனுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே ஒரு பிரைவேட் லிமிடெட். ஆடிட்டரைப் பிடித்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, நாலு மாணவர்கள் டைரக்டர் ஆகிவிடுவார்கள். லெட்டர்ஹெட்டோடு குரூப் போட்டோ எடுத்து லிங்க்ட்இன்னில் போட்டாகிவிடும். வியாபாரம் மட்டும் ஒரு ரூபாய்க்குக்கூட நடந்திருக்காது.

வியாபாரம் இல்லாவிட்டாலும் கம்பெனிக்கு வருடா வருடம் தணிக்கை உண்டு, கம்பெனிப் பதிவாளரிடம் கணக்குக்கு ஏஓசி-4, ஆண்டறிக்கைக்கு எம்ஜிடி-7ஏ என்று இரண்டு படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவமும் ஒரு வருடம் கிடந்தால் 73,000 ரூபாய், கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழக்கிறார்கள், அதாவது பின்னாளில் அந்தப் பெண்ணோ பையனோ உண்மையாகவே ஒரு கம்பெனி தொடங்கும்போது தன் பெயரை டைரக்டராகப் போட முடியாது. சரி, மூடிவிடலாம் என்றால் அதற்கும் எஸ்டிகே-2 படிவம், 10,000 ரூபாய் கட்டணம், நிலுவையில் உள்ளதையெல்லாம் முதலில் தீர்த்தாக வேண்டும். இரண்டாம் வருடத்தில் பதிவு செய்து, நாலாம் வருடத்தில் பிளேஸ்மென்ட் ஆகி பெங்களூரு போய், அங்கே முதல் மூன்று மாதச் சம்பளத்தைக் கம்பெனியை மூடுவதற்குக் கட்டிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். போட்டோ மட்டும் இன்னும் அங்கே சுவரில் இருக்கிறது.

முதல் பத்து வாடிக்கையாளர் வரைக்கும் ஒருவர் பெயரில் உரிமையாளர் நிறுவனமாகவோ, இரண்டு பேர் சேர்ந்து பங்குதாரர் ஒப்பந்தமாகவோ ஓட்டலாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், யாராவது அதற்குக் காசு கேட்டால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். புரோட்டோடைப், அதாவது முதல் மாதிரி, செய்ய மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் வரை மானியம் உண்டு, அதற்குக் கம்பெனி இல்லாமல் தனிநபராகவே விண்ணப்பிக்கலாம். ஸ்டார்ட்அப்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் டான்சீட் தொடக்க நிதிக்கோ மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கோ போகும்போது பதிவு தேவைப்படும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டன்ட், அதாவது காப்புரிமை, விஷயத்தில் தவறு நேர் எதிராக நடக்கிறது, அவசரப்பட வேண்டிய இடத்தில் மெத்தனம். புதிதாக ஏதாவது உண்மையிலேயே இருக்கிறது என்றால், அதைக் கல்லூரி எக்ஸ்போவில் விளக்கி, யூடியூபில் போட்டு, கான்ஃபரன்ஸில் கட்டுரையும் வாசித்துவிட்டு அப்புறம் பேட்டன்ட் கேட்டுப் போனால், ஏற்கெனவே வெளியான விஷயம் என்று நம் வீடியோவே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். முதலில் ஒரு தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் 1,600 ரூபாய்தான், முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் அவகாசம் இருக்கிறது. ஆனால் இதைச் சொன்னதும் எல்லா ஃபைனல் இயர் புராஜெக்டுக்கும் பேட்டன்ட் போட ஓடாதீர்கள். தானியங்கி சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இன்னொரு விண்ணப்பம் இந்த நாட்டுக்குத் தேவையா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

பங்கு பிரிப்பதைப் பற்றிப் பேச எல்லாருக்கும் கூச்சம். நாலு நண்பர்கள், ஆளுக்கு 25 சதவீதம், முடிந்தது. எட்டு மாதம் கழித்து ஒருவன் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறான், இன்னொருத்திக்கு வேலை கிடைக்கிறது. மிச்சம் இருக்கிற இருவர் ராப்பகலாக உழைக்க, பாதிக் கம்பெனி ஊரில் இல்லாதவர்கள் கையில். பின்னால் முதலீட்டாளர் யாராவது வந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பார், பார்த்ததும் கிளம்புவார். நட்பு நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுத வைப்பது மென்டரின் வேலை: பங்கு முழுவதும் நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும், முதல் ஒரு வருடத்துக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. இதை வெஸ்டிங் என்பார்கள். "நீ பாதியில போனா என்ன?" என்று நண்பனிடம் கேட்க அவர்களால் முடியாது, நீங்கள் கேளுங்கள், கெட்ட பெயர் உங்களுக்கே இருக்கட்டும்.

மென்டரே பங்கு கேட்பதும் நடக்கிறது. ஆறு சந்திப்பு, பத்து சதவீதம்! மத்திய கல்வி அமைச்சகத்தின் 2019 புத்தாக்கக் கொள்கை, இடம், லேப், பேராசிரியர் உழைப்பு, தன் பெயர் எல்லாம் கொடுக்கிற கல்லூரிக்கே 2 முதல் 9.5 சதவீதம் என்றுதான் சொல்கிறது. அப்படியிருக்க, மாதம் ஒருமுறை காபி குடித்துவிட்டுப் போகிற நமக்கு எவ்வளவு நியாயம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் அந்த வீர வசனம்: "படிப்பை விடு, ரிஸ்க் எடு." சொல்கிறவருக்கு என்ன நஷ்டம்? கல்விக் கடன் அந்த வீட்டில், அடகு வைத்த நகையும் அந்த வீட்டில். கல்லூரி வாசலில் யார் படத்தை ஒட்டுகிறோமோ அவர்கள் கதையையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் கம்பெனியை 2010-ல் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் அதற்கு முன் பல வருடம் ஜோஹோ என்ற இன்னொரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர். மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜியைத் தொடங்கிய இருவரும் சென்னை ஐஐடியில் படிப்பை முடித்து, வேலைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். 2013-ல் தொடங்கிய கம்பெனியின் முதல் ஸ்கூட்டர் 2018-ல்தான் விற்பனைக்கு வந்தது. 2017-ல் தொடங்கிய அக்னிகுல் தன் முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது 2024 மே 30 அன்று. ஐந்து வருடம், ஏழு வருடம் என்கிற கணக்கு போஸ்டரில் வருவதில்லை, நாமும் சொல்வதில்லை, பையன் ஆறு மாதத்தில் தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். முடிந்தால் ஒருமுறை பெற்றோரிடமும் பேசுங்கள். ஒரு அப்பா என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை மாசம்னு சொல்லுங்க, அது வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்." எனக்குப் பிட்ச் மேடைகளில் கேட்ட எல்லாக் கேள்வியையும்விட அது நியாயமாகப் பட்டது.

மொழி. இது ஏன் தவறென்றே யாருக்கும் தெரிவதில்லை. தன் அம்மா பால் சொசைட்டியில் பட்ட கஷ்டத்திலிருந்து ஒரு யோசனையைப் பிடித்த பெண்ணை மேடையேற்றி, இங்கிலீஷில் ஐந்து நிமிடம் பேசச் சொல்கிறோம். அவள் மனப்பாடம் செய்த வாக்கியத்தில் நாலாவது வரியில் தடுக்குகிறாள், "கான்ஃபிடன்ஸ் பத்தலை" என்று மார்க் குறைக்கிறோம். அவளுடைய வாடிக்கையாளர் ஒருவருக்கும் இங்கிலீஷ் வேண்டியதில்லை. தமிழில் பேசவிட்டுப் பாருங்கள், அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். இங்கிலீஷ் டெக் தேவைப்படும் நாளில் செய்துகொள்ளலாம்.

இனி சமூகம், அதாவது கம்யூனிட்டி. பெரும்பாலான ஊர்களில் இது ஒரு தொடக்க விழா, பொன்னாடை, நினைவுப் பரிசு, இருநூற்றைம்பது பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப் என்று தொடங்கி, மூன்றாம் மாதம் அதே குரூப்பில் "குட் மார்னிங்" பூப்படத்தோடு அடங்கிவிடுகிறது. கல்லூரியில் இன்னொரு தலைவலியும் உண்டு. ஓடியாடிச் செய்கிற மாணவர்கள் ஃபைனல் இயர் முடிந்ததும் போய்விடுவார்கள், அவர்களோடு எந்த வெல்டர் நியாயமான விலைக்குச் செய்வார், எந்த விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதெல்லாம் போய்விடும், ஜூனியர் முதலிலிருந்து தொடங்குவான். ஒரு நோட்டு போடுங்கள், சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும், யாரைப் பார்த்தோம், என்ன ஆனது என்று எழுதி அடுத்த செட்டிடம் கொடுங்கள். மாதத்தில் ஒரு நாள், அதே கிழமை, அதே இடம், டீயும் போண்டாவும், தலைமை விருந்தினர் இல்லை. பன்னிரண்டு பேர் வந்தால் போதும். அதில் இரண்டு பேர் ஊரில் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்களாக இருக்கட்டும், ஒருவர் தொழில் நொடித்து மூடியவராக இருக்கட்டும். மூடியவர் பேசும்போதுதான் மாணவர்கள் போனைக் கீழே வைக்கிறார்கள்.

புதிதாக ஒரு இன்குபேட்டர், அதாவது ஸ்டார்ட்அப்களை வளர்த்துவிடும் மையம், கட்டுகிறேன் என்று கிளம்புவதும் வேண்டாத வேலைதான். திருச்சியில் ட்ரெக்-ஸ்டெப் 1986-லிருந்து இருக்கிறது, கோவையில் பிஎஸ்ஜி-ஸ்டெப் 1998-லிருந்து இருக்கிறது, தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் அமைப்பான ஸ்டார்ட்அப்டிஎன் மதுரை, திருநெல்வேலி, ஈரோட்டில் வட்டார மையங்கள் திறந்திருக்கிறது. ரிப்பன் வெட்டிய அறையும் பத்து பீன் பேகும் இருப்பதைவிட, பையனை அங்கே கூட்டிப்போய் ஒருவரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது பலன் தரும்.

கடைசியாக ஒன்று, ஜெயித்தவர்களுக்கு மட்டும் போன் செய்வது. கைவிட்ட குழுவை யாரும் கூப்பிடுவதில்லை, அவர்களும் வெட்கப்பட்டு நம் போனை எடுப்பதில்லை. மூடுகிறபோதுதான் கணக்குத் தீர்ப்பது, அட்வான்ஸ் கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுப்பது, நண்பர்கள் முகம் சுளிக்காமல் பிரிவது என்று மென்டருக்கு உண்மையான வேலை இருக்கிறது.

அந்தத் தறிக்கூடப் பசங்களில் இருவர் பிளேஸ்மென்டில் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் பஸ்ஸரைக் கழற்றிவிட்டு தறிக்கு மேலே சிவப்பு விளக்கு மாட்டினான், இப்போது மூன்று கூடத்தில் ஓடுகிறது. போன மாதம் கூப்பிட்டு, விளக்கின் மேல் பஞ்சு படிந்து ஒரு வாரத்தில் வெளிச்சமே தெரிவதில்லை, என்ன செய்யலாம் என்றான். எனக்கு நுனி நாக்கில் மூன்று யோசனை வந்தது. அடக்கிக்கொண்டு, தறிக்காரரைக் கேட்டாயா என்றேன்.

"கேட்டேன் சார். விளக்கைத் தலைகீழா மாட்டச் சொல்றார்."