பேக்பைப்பில் பட்டம் பெற நாகர்கோவிலிலிருந்தே தயாராவது எப்படி?

ஸ்காட்லாந்தின் மரபு இசைக்கருவியான, காற்றுப்பையுடன் கூடிய பேக்பைப்பைப் பட்டப்படிப்பாகப் பயில விரும்பும் குமரி மாவட்ட மாணவர்கள், கிளாஸ்கோவில் உள்ள ராயல் கன்சர்வடோயர் ஆஃப் ஸ்காட்லாந்து, அந்நகரின் தேசிய பைப்பிங் மையத்துடன் இணைந்து நடத்தும் நான்காண்டு இளங்கலைப் படிப்பை நாடலாம். பிரிட்டன் இசைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவையான யூகாஸ் கன்சர்வடோயர்ஸ் வழியாக, சேரும் ஆண்டுக்கு முந்தைய அக்டோபர் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், பிளஸ் டூ முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் அதிகம். உதவித்தொகையையும் அப்போதே விசாரியுங்கள்.

முதலில் பையில்லாத பயிற்சிக் குழலை வாங்குங்கள். முழுக்கருவிக்கு அவசரம் வேண்டாம். நம் கோயில் நாதசுரத்தில், ஊதும்போது அதிர்ந்து ஒலியெழுப்பும் சீவாளியை உதடும் நாக்கும் ஆள்கின்றன. பேக்பைப்பிலோ சீவாளி உள்ளே மறைந்திருக்க, பையிலிருந்து காற்று இடைவிடாது பாய்வதால், ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க நடுவே ஒரு நொடிப்பொழுதுச் சுரத்தை விரலால் வெட்டியாக வேண்டும். இருப்பவை ஒன்பது சுரங்களே. ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. எனவே கலைஞரின் தரம் இந்த வெட்டுகளின் துல்லியத்தில்தான் தெரியும் என்பது என் உறுதியான கருத்து. சீரான தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்து மெதுவாகவே பழகுங்கள்.

பிறகு, முழுக்கருவியில் இடைவிடாது சுருதி ஒலிக்கும் மூன்று குழல்களையும் காதால் சேர்க்கப் பழகி, ‘பீப்ரொக்’ என்னும் பெருவகை இசையைத் தொடங்குங்கள். அதன் மெட்டுகளைக் ‘கந்தரக்த்’ என்னும் வாய்ச்சொற்களால் பாடியே கற்பிப்பது பழைய மரபு. வாய்ப்பாட்டில் பழகியவர்களுக்கு இது எளிதில் வசப்படும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் மிகுதியாதலால், வாசித்து முடித்ததும் குழல்களின் உட்புறத்தைத் துடைத்து உலரவிடுங்கள்.